சிறுவர்க்குச் சித்திரம் தந்த உபேந்திர கிஷோர்

சத்யஜித் ராய் என்னும் பெயரை அறியாதார் நம் நாட்டில் மிகச் சிலரே. திரைப்படத் துறையில் உலகப் புகழ் எய்திய அவருடைய பாட்டனார், சிறுவர்களுக்காகக் கதை எழுதியவர். அக்கதைக்குத் தாமே படம் வரைந்தவர். அப்படத்தைப் பழுதின்றி அச்சிடும் வழியையும் தாமே ஆராய்ந்து கண்டவர். இச்செய்தி நம் பக்கத்தில் பலருக்குத் தெரியாது. அவர் பெயர் உபேந்திர கிஷோர் ராய் சௌதுரி. அவர் மறைந்து நூறு ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டன. நம் இல்லத்துச் சிறுவர்களும் அவர்தம் பெற்றோரும் அறிந்துகொள்ளும் பொருட்டு அவரது வரலாற்றை இங்கு எழுதப் புகுகின்றோம்.

1863-ஆம் ஆண்டு மே மாதத்தில், கிழக்கு வங்கத்தின் மைமன்சிங் மாவட்டத்தைச் சேர்ந்த மசூவா என்னும் சிற்றூரில் அவர் பிறந்தார். அப்பகுதி இன்று வங்காள தேசத்தில் உள்ளது. பெற்றோர் இட்ட பெயர் காமதாரஞ்சன். தந்தையார் காளிநாத் ராய் வடமொழியிலும் அரபியிலும் பாரசீகத்திலும் வல்லவர். பிள்ளைக்கு ஐந்து வயதானபோது, உறவினரும் ஜமீன்தாருமான ஹரிகிஷோர் ராய் சௌதுரி அவரைச் சுவீகாரம் எடுத்துக்கொண்டார். அப்போதுதான் உபேந்திர கிஷோர் என்னும் பெயர் வந்தது. ஐந்து வயதுக் குழந்தைக்கு வீடும் பெயரும் ஒருசேர மாறுவது எளிய செய்தியன்று. பள்ளியில் அத்தகைய பிள்ளைகளை நாம் பார்த்திருக்கின்றோம். அவர்கள் பிறரைவிடச் சற்றுக் கூர்ந்து பார்க்கும் இயல்புடையவர்களாக இருப்பார்கள்.

கூர்ந்து பார்க்கும் இயல்பு இவரிடமும் இருந்தது. மைமன்சிங் ஜில்லா பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது வங்காளத்தின் ஆங்கில ஆளுநர் பள்ளியைப் பார்வையிட வந்தாராம். வகுப்பில் எல்லோரும் அஞ்சி அடங்கி அமர்ந்திருக்க, இச்சிறுவன் மட்டும் தலை நிமிராமல் ஏதோ எழுதிக்கொண்டிருந்தான். அருகில் சென்று பார்த்தால், ஆளுநரின் முகமே தாளில் இருந்தது. ஆசிரியர்கள் நடுங்கிப்போனார்கள். ஆளுநரோ மகிழ்ந்து, இக்கலையைக் கைவிடலாகாது என்று சொல்லிச் சென்றார் என அக்குடும்பத்தார் சொல்லி வந்திருக்கின்றனர்.

உபகாரச் சம்பளத்துடன் தேறி, கல்கத்தாவில் பிரசிடென்சி கல்லூரியிலும் பின்னர் மெட்ரோபாலிடன் கல்லூரியிலும் பயின்று, 1884-இல் பட்டம் பெற்றார். அந்நாட்களில் அவர் மனம் பிரம்ம சமாஜத்தின் பால் சென்றது. உருவ வழிபாட்டையும் சாதி வேற்றுமையையும் விலக்கிய அச்சமாஜத்தில் சேர்ந்ததனால் ஊரிலிருந்த உறவினரின் வெறுப்புக்கு ஆளானார். 1885-இல் பிதுமுகி அம்மையாரை மணந்தார். அம்மையாரின் தந்தையார் துவாரகாநாத் கங்கோபாத்தியாயர், பெண்கல்விக்குப் பெரிதும் உழைத்தவர். அவருடைய இரண்டாம் மனைவியாரே காதம்பினி கங்கூலி. 1883-இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்ற முதலிரு பெண்களுள் ஒருவர். பின்னர் மருத்துவம் பயின்று தொழில் நடத்தியவர். கார்ன்வாலிஸ் தெருவில் இவர்கள் எல்லோரும் கூடி வாழ்ந்த பெரிய வீட்டில்தான் உபேந்திர கிஷோரின் மக்கள் வளர்ந்தனர். மூன்று பெண்கள், மூன்று ஆண்கள்.

வயலின் வாசிப்பதில் அவர் தேர்ந்தவர். ஆர்மோனியம் பழகுவோர்க்கு நூலும் எழுதினார். இரவீந்திரநாத தாகூர் அவருடைய நண்பர். இவை ஒருபுறம் இருக்க, மாணவப் பருவத்திலிருந்தே சிறுவர் இதழ்களில் அவர் எழுதி வந்ததுதான் நமக்கு முக்கியம். 1883-இல் தொடங்கிய ‘சகா’ என்னும் சிறுவர் மாத இதழில் அவருடைய எழுத்துகள் வெளிவந்தன. அக்காலத்து வங்கத்தில் சிறுவர்க்கென அச்சிடப்பட்டவை பெரும்பாலும் பாடநூல்களும் நீதி போதனைகளுமே. படித்தால் சிரிப்பு வர வேண்டும், படத்தைப் பார்த்தால் பக்கத்தைத் திருப்பத் தோன்ற வேண்டும் என்று எண்ணியவர் மிகச் சிலர்.

1890-களின் நடுவில், சிறுவர்களுக்காக இராமாயணக் கதையை எளிய வங்க உரைநடையில் எழுதி, அதற்குத் தாமே படங்களும் வரைந்தார். நூல் அச்சாகி வந்தது. படங்களைக் கண்டவர் மனம் நொந்துபோனார். அவர் வரைந்த படங்களாகவே அவை இல்லை.

காரணத்தைச் சற்று விளக்க வேண்டும். அச்சு இயந்திரத்துக்குத் தெரிந்தது இரண்டே நிலைகள்: மை படும் இடம், மை படாத இடம். கறுப்புக்கும் வெள்ளைக்கும் இடைப்பட்ட சாம்பல் நிறத்தை அதனால் தர இயலாது. ஆகவே ஓவியர் தூரிகையால் வரைந்த படத்தை மரக்கட்டையில் செதுக்குவோர் ஒருவர் தம் கைப்பழக்கத்துக்கு ஏற்பக் கோடு கோடாக மாற்றிச் செதுக்குவார். செதுக்குபவர் கை நுட்பமானதாயின் படம் பிழைக்கும். இல்லையேல் முகத்தில் இருந்த இரக்கம் கோபமாகிவிடும், மேகம் பாறையாகிவிடும்.

இது ஓவியரின் தற்பெருமை பற்றிய குறை என்று சிலர் எண்ணலாம். பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தவர்கள் அவ்வாறு எண்ணமாட்டார்கள். ஆசிரியப் பயிற்சியில் நமக்கு முதலில் கற்பித்ததே, பொருளைக் காட்டு, பொருள் இல்லையேல் படத்தைக் காட்டு, பிறகு பெயரைச் சொல், அதன் பின்னரே எழுத்தை எழுது என்பதுதான். மின்னட்டைகளை நாமே இரவில் அமர்ந்து வரைந்து வண்ணம் தீட்டுவோம். அச்சிட்ட படத்தாள்களும் பள்ளிக்கு வரும். அவற்றுள் ஒன்றில் மாட்டின் கொம்பு ஒரு நிறத்திலும் அதன் நிழல்போல் மற்றொரு கொம்பு வேறு நிறத்திலும் விலகி நிற்கும். நான்கு கொம்பு உள்ள மாடு எந்த ஊரில் இருக்கிறது என்று முதல் வகுப்புப் பிள்ளை ஒருத்தி நம்மைக் கேட்டாள். அவள் கேட்டதில் தவறில்லை. எழுத்து அறியாத பிள்ளைக்குப் படமே எழுத்து. படம் சிதைந்திருந்தால் அது அவளுக்கு எழுத்துப் பிழை. பெரியவர்கள் பிழையைத் தாண்டிப் பொருளை ஊகித்துக்கொள்வார்கள். பிள்ளைகள் கண்டதை நம்புவார்கள். அடி அண்ணாமலையில் பௌர்ணமிதோறும் கிரிவலப் பாதையோரம் விரிக்கப்படும் கடைகளில் மலிவான படப்புத்தகங்களும் இருக்கும். இன்றும் சிலவற்றில் சிங்கத்தின் கண் முகத்துக்கு வெளியே நிற்பதைக் காணலாம்.

செதுக்குபவரைக் கடிந்துகொண்டு, அடுத்த நூலுக்கு நல்ல ஆளைத் தேடுவதே பிறர் செய்யக்கூடியது. உபேந்திர கிஷோர் அவ்வாறு செய்யவில்லை. மேல்நாட்டில் ஹாஃப்டோன் என்னும் புதிய முறை ஒன்று பரவி வருவதை அறிந்து, அதைக் கற்கத் துணிந்தார். இங்கிலாந்தில் பென்ரோஸ் நிறுவனத்திடமிருந்து நூல்களையும் கருவிகளையும் கைப்பொருள் செலவிட்டு வரவழைத்தார். 1895-இல் கல்கத்தாவிலேயே தம் தொழிற்கூடத்தைத் தொடங்கினார். அத்தொழிலைக் கற்பிக்க அருகில் ஆசிரியர் எவருமில்லை. இங்கிலாந்துக்குச் சென்று பயிலவும் இல்லை. வாழ்நாளில் அவர் கடல் கடந்ததே இல்லை. புத்தகமும் சொந்தச் சோதனையுமே அவருக்கு ஆசான்.

அம்முறையை நம் வீட்டுப் பெண்களுக்கு விளக்குவது எளிது. புள்ளிக் கோலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அருகில் நின்றால் புள்ளிகள். தெருக்கோடியிலிருந்து பார்த்தால் தாமரை. ஹாஃப்டோனிலும் அவ்வாறே. நுண்ணிய கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக இழைத்த கண்ணாடித் திரை ஒன்றன் வழியே படத்தைப் புகைப்படம் எடுப்பார்கள். திரையின் கட்டங்கள் ஒளியைச் சல்லடைபோல் சலித்துப் புள்ளிகளாக விழச் செய்யும். படத்தில் இருண்ட இடத்தில் பெரிய புள்ளி, வெளிறிய இடத்தில் சிறிய புள்ளி. அதைச் செப்புத் தகட்டிலோ துத்தநாகத் தகட்டிலோ ஏற்றி அமிலத்தால் அரித்தால், அச்சுக்கூடத்தார் பிளாக் என்று சொல்லும் தகடு கிடைக்கும். மையோ கறுப்பு ஒன்றுதான். ஆயினும் கண்ணுக்குச் சாம்பலின் எல்லா வகைகளும் தோன்றும். மரம் செதுக்குபவரின் கை இடையில் குறுக்கிடுவதில்லை. ஓவியர் வரைந்தது வரைந்தவாறே குழந்தையின் கைக்குச் சேர்கிறது. ஜெர்மனியில் மைசன்பாக் என்பவர் 1882-இல் இதன் தொடக்க வகை ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றிருந்தார்.

ஆனால் திரைக்கும் தகட்டுக்கும் இடையே எவ்வளவு தூரம் இருக்க வேண்டும், ஒளி புகும் துளை எவ்வடிவில் இருக்க வேண்டும் என்பவற்றை மேல்நாட்டுத் தொழிலாளரும் பெரும்பாலும் கைப்பழக்கத்தாலேயே தீர்மானித்து வந்தனர். சமையலில் உப்பிடுவதுபோல என்று வைத்துக்கொள்ளலாம். உபேந்திர கிஷோர் அதைக் கணக்கால் தீர்மானிக்க முயன்றார். புள்ளி ஏன் அவ்வடிவில் விழுகிறது, ஒளி விளிம்புகளில் வளைவதனால் என்ன நேர்கிறது என்றெல்லாம் ஆராய்ந்தார். திரையைச் சரியான தூரத்தில் நிறுத்துவதற்கு ஒரு கருவியும் அமைத்தார். கோடுகள் நேர்கோணத்தில் வெட்டிக்கொள்ளும் வழக்கமான திரைக்கு மாறாக, 60 பாகைக் கோணத்தில் வெட்டிக்கொள்ளும் திரையைப் பற்றியும் எழுதினார். வண்ணப் படத்துக்கு மஞ்சள், சிவப்பு, நீலம் என மூன்று தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அச்சாக வேண்டும். இரண்டு கொசுவலைகளை ஒன்றன்மேல் ஒன்று போட்டால் இல்லாத அலைக்கோலம் ஒன்று கண்ணுக்குத் தோன்றுமல்லவா? தகடுகளின் கோணம் ஒத்துவராவிடில் படத்திலும் அதே தொல்லை வரும். இவ்வாராய்ச்சிகளை 1897 முதல் பல கட்டுரைகளாக இலண்டனின் பென்ரோஸ் ஆண்டு மலரில் வெளியிட்டார். அத்தொழிலின் தலைமையிடங்களிலிருந்து அவ்வளவு தொலைவில் இருக்கும் ஒருவர் இத்துணை முன்னேறியிருப்பதைக் கண்டு ஆங்கிலத் தொழில் இதழ்கள் வியந்து எழுதின. நாடு அடிமைப்பட்டிருந்த காலம் அது என்பதை இளையோர் மறக்கலாகாது.

இதே வேளையில் இங்கிலாந்தில் பியாட்ரிக்ஸ் பாட்டர் என்னும் அம்மையார், முயற்குட்டி பீட்டரின் கதையை எழுதிப் படமும் வரைந்துகொண்டிருந்தார். உபேந்திர கிஷோரைவிட மூன்றாண்டு இளையவர். பதிப்பகத்தார் பலர் மறுத்ததனால் 1901-இல் 250 படிகளைத் தம் செலவில் அச்சிட்டார். 1902-இல் வார்ன் நிறுவனம் அதை வண்ணப் படங்களுடன் வெளியிட்டபோது கையாண்ட முறையும் மூன்று வண்ண ஹாஃப்டோனே. ஆனால் அவ்வம்மையாருக்குத் தகடு செய்து தரத் தேர்ந்த தொழிலகம் இருந்தது. கல்கத்தாவில் எழுதியவரே வரைந்தார். வரைந்தவரே தகடும் செய்தார்.

தகட்டுத் தொழிலால் வந்த வருவாயும் பெயரும் சிறிதல்ல. இராமானந்த சட்டர்ஜி நடத்திய ‘பிரவாசி’, ‘மாடர்ன் ரிவ்யூ’ ஆகிய இதழ்களில் வந்த வண்ண ஓவியங்கள் இவர் தொழிற்கூடத்தில் உருவானவை. அதனோடு நின்றிருந்தால் சிறந்த தொழிலதிபர் என்று மட்டும் பெயர் பெற்றிருப்பார். அவரோ மீண்டும் மீண்டும் குழந்தைகளிடமே திரும்பி வந்தார். 1903-இல் ‘சேகாலேர் கதா’ என்னும் நூலை எழுதினார். மனிதர் தோன்றுவதற்கு முன் வாழ்ந்து மறைந்த பெருவிலங்குகளைப் பற்றிய நூல் அது. கண்ணால் எவரும் காணாத விலங்குகளை வரைந்து காட்டுவது எத்தனை பொறுப்பான வேலை!

1910-இல் வெளிவந்த ‘டுன்டுனிர் போய்’ அவருடைய நூல்களில் நம் மனத்துக்கு மிக உகந்தது. டுன்டுனி என்பது நம் தையல்சிட்டு. இலைகளைத் தைத்துக் கூடு கட்டும் அச்சிறு பறவையை நம் தோட்டங்களிலும் காணலாம். கிழக்கு வங்கத்துச் சிற்றூர்களில் மாலைப் பொழுதில் குழந்தைகள் உணவு உண்ணாமலேயே உறங்கிவிடும். அவர்களை விழித்திருக்கச் செய்வதற்காகத் தாய்மார் சொல்லும் கதைகள் இவை என்று நூலின் முகப்பில் அவர் தெரிவிக்கிறார். பொழுது சாய்வதற்குள் உணவை முடித்துவிடும் நம் இல்லங்களில் இந்தத் தேவை எழாது. ஆயினும் உணவுக்குப் பின் உறங்க வைப்பதற்குக் கதை வேண்டுமே!

அவற்றுள் ஒரு கதை. கத்தரிச் செடியில் கூடு கட்டிய சிட்டு, பறக்க இயலாத தன் குஞ்சுகளைத் தின்ன வரும் பூனையை ஒவ்வொரு நாளும் மகாராணி என்று வணங்கி அனுப்பிவிடுகிறது. குஞ்சுகள் வளர்ந்து அருகிலிருந்த பனைமரத்துக்குப் பறக்கக் கற்றபின், பூனையை வணங்குவதை நிறுத்திக்கொண்டு ஏசி விரட்டுகிறது. சினந்து பாய்ந்த பூனைக்குக் கிடைத்தவை கத்தரி முட்களே. கதை அவ்வளவுதான். வலிமையற்றவர் காலம் பார்த்து நடந்துகொள்வதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல நம்மால் இயலாது. அதே நூலில் அரசனின் ஒற்றை நாணயத்தை எடுத்துவந்து, அரசனுக்கு நிகரான செல்வம் தனக்கும் உண்டென்று பாடித் திரியும் சிட்டின் கதையும் உண்டு. அக்கதையில் மூக்கறுபடும் இடங்கள் வருகின்றன. அவ்விடங்களை நம் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லலாமா என்று தயங்குவோர் உண்டு; நாமும் தயங்கியதுண்டு. பழங்கதைகளை அவர் கேட்டபடியே எழுதினார். நீதியைக் கடைசி வரியில் ஒட்டவில்லை. சொல்பவர் தம் விருப்பம்போல் குறைத்துக்கொள்ளலாம். பாட்டிமார் அதைத்தானே செய்கிறார்கள்!

கதையையும் படத்தையும் ஒன்றாக நெய்வது நமக்குப் புதியதன்று. காஞ்சிபுரத்தை அடுத்த திருப்பருத்திக்குன்றம் திரைலோக்கியநாதர் கோயிலின் சங்கீத மண்டபத்து மேல்விதானத்தில், தீர்த்தங்கரர் வரலாறு வரிசை வரிசையாகத் தீட்டப்பட்டுக் காட்சிகளின் கீழே தமிழில் குறிப்புகளும் எழுதப்பட்டிருப்பதை நம்மில் பலர் கண்டிருக்கின்றோம். ஆனால் அதைக் காணக் கழுத்தை உயர்த்தி நிற்க வேண்டும். கோயிலுக்கும் செல்ல வேண்டும். உபேந்திர கிஷோர் செய்தது, அத்தகைய காட்சி வரிசையை ஒரு குழந்தை மடியில் வைத்துப் பார்க்கும்படி ஆக்கியது.

1913-இல், தம் ஐம்பதாம் வயதில், ‘சந்தேஷ்’ என்னும் சிறுவர் மாத இதழைத் தொடங்கினார். வங்க மொழியில் அச்சொல்லுக்குச் செய்தி என்றும் பொருள் உண்டு, பால்கட்டியால் செய்யும் இனிப்பு என்றும் பொருள் உண்டு. ஆசிரியர் அவரே, எழுத்தாளர்களில் முதல்வர் அவரே, ஓவியரும் அவரே. கதை, பாடல், விடுகதை, விலங்குகளின் வாழ்க்கை, வானத்து மீன்கள் என எல்லாம் அதில் இடம்பெற்றன. அட்டையில் வண்ணம் ஒளிர்ந்தது. குடும்பமே எழுதியது. மூத்த மகள் சுகலதா கதை எழுதிப் படமும் வரைந்தார். மூத்த மகன் சுகுமார் 1911-இல் இங்கிலாந்துக்குச் சென்று, தந்தை புத்தகத்தின் வழியே கற்ற அதே அச்சுக்கலையை இலண்டனிலும் மான்செஸ்டரிலும் முறையாகப் பயின்று 1913-இல் திரும்பி வந்தார். கர்ப்பார் சாலையில் 100-ஆம் எண் மனையில் அச்சுக்கூடமும் குடியிருப்பும் சேர்ந்த புதிய வீடு எழுந்தது. வீடு முழுவதும் மை மணம், இயந்திர ஒலி, பிள்ளைகளின் சிரிப்பு.

சந்தேஷில்தான் கூபி, பாகா என்னும் இருவரின் கதை அவர் வரைந்த படங்களுடன் வெளிவந்தது. பாடத் தெரியாத பாடகனும் அடிக்கத் தெரியாத மத்தளக்காரனும் ஊராரால் விரட்டப்பட்டுக் காட்டில் பூதங்களிடம் வரம் பெறும் வேடிக்கைக் கதை.

ஆனால் அதற்குள் நோய் அவரை வளைத்துக்கொண்டது. நீரிழிவு. இன்று நம் குடும்பங்களில் இந்நோய் உள்ளவர் மாத்திரையும் ஊசியும் கொண்டு எண்பது வயதையும் தாண்டுகின்றனர். இன்சுலின் கண்டறியப்பட்டது 1921-இல். உபேந்திர கிஷோர் 1915 டிசம்பர் 20 அன்று, 52-ஆம் வயதில் காலமானார். சந்தேஷுக்கு அப்போது மூன்று வயதுகூட நிறையவில்லை.

சுகுமார் இதழைத் தொடர்ந்து நடத்தினார். வேடிக்கைப் பாடல்களில் தந்தையையும் மிஞ்சிய புகழ் பெற்றார். அவரையும் காலம் விட்டுவைக்கவில்லை. கருங்காய்ச்சல் என்னும் காலா அசார் நோய், அந்நாளில் தக்க மருந்தில்லாத கொடிய நோய், அவரைப் பற்றியது. படுக்கையில் இருந்தவாறே தம் பாடல் தொகுப்பான ‘ஆபோல் தாபோல்’ நூலுக்குப் பக்கம் பக்கமாகப் படமும் அமைப்பும் செய்தார். 1923 செப்டம்பர் 10 அன்று 35 வயதில் மறைந்தார்; நூல் அச்சாகி வந்தது ஒன்பது நாள் கழித்து. அப்போது அவர் மகன் சத்யஜித்துக்கு இரண்டு வயது. சில ஆண்டுகளில் தொழில் நொடித்தது. அச்சுக்கூடமும் வீடும் கைமாறின. இளந்தாய் சுப்ரபா, குழந்தையை அழைத்துக்கொண்டு தம் உடன்பிறந்தார் வீட்டுக்குச் சென்றார்.

பாட்டனாரை அச்சிறுவன் பார்த்ததே இல்லை. ஆனால் அவர் வரைந்த படங்கள் வீட்டில் இருந்தன. வளர்ந்தபின் சத்யஜித் ராயும் நூல்களுக்கு அட்டையும் படமும் வரையும் தொழிலுக்கே சென்றார். 1940-களில் ‘பதேர் பாஞ்சாலி’ நாவலின் சிறுவர் சுருக்கத்துக்குப் படம் வரைந்தபோதுதான் அதைத் திரைப்படமாக எடுக்கும் எண்ணம் அவருக்குப் பிறந்தது. 1955-இல் அப்படம் வெளிவந்தது. 1961-இல், கவிஞர் சுபாஷ் முகோபாத்தியாயருடன் சேர்ந்து, பாட்டனாரின் சந்தேஷ் இதழுக்கு மறுபிறப்புக் கொடுத்தார். 1969-இல் கூபி, பாகா கதையைத் திரைப்படமாக்கினார். அதில் போருக்குப் புறப்பட்ட பசித்த படைவீரர்கள் வானிலிருந்து இறங்கும் இனிப்புப் பானைகளைக் கண்டு ஆயுதங்களை எறிந்துவிட்டு ஓடுவர். ஓருயிர்க்கும் ஊறு இன்றிப் போர் நின்றுவிடும். நம் பிள்ளைகளுக்குக் காட்டத் தக்க படம் அது.

தமிழில் படக்கதை என்றால் நம் தலைமுறைக்கு நினைவு வருவது 1947-இல் தொடங்கிய அம்புலிமாமா. அதுவும் இப்போது வருவதில்லை. நேரு பால புத்தகாலய வரிசையில் வந்த மலிவுவிலை நூல்களைப் பள்ளி நூலகத்தில் பிள்ளைகள் தைத்த நூல் அறுந்து தாள் கிழியும்வரை புரட்டியதை நாம் அறிவோம். டுன்டுனியின் கதைகள் ஆங்கிலத்தில் கிடைக்கின்றன. ஆங்கிலம் அறிந்த தாய்மார் படித்துத் தமிழில் சொல்லலாம். படத்தை மட்டும் பிள்ளையின் கையிலேயே விட்டுவிட வேண்டும்.

கர்ப்பார் சாலையில் உபேந்திர கிஷோர் கட்டிய வீடு பின்னாளில் ஒரு பள்ளிக்கூடமாயிற்று. ஒரு காலத்தில் அச்சு இயந்திரங்கள் ஓடிய அக்கட்டடத்தில் பிள்ளைகள் பாடம் படித்தனர்.